லட்சியப் பலகையில் எதை ஒட்டுவது?

ஆண்டு பிறந்ததும் வீட்டுச் சுவரில் புது நாட்காட்டி மாட்டுவது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலமாக அதன் பக்கத்தில் மற்றொரு பொருளும் இடம்பெற்று வருகிறது. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு, தாம் அடைய விரும்புகிறவற்றின் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்தோ, கைப்பேசியிலிருந்து அச்செடுத்தோ அதில் ஒட்டிச் சுவரில் மாட்டுகின்றனர். மாடி வீடு ஒன்று, சிவப்பு நிறக் கார் ஒன்று, பட்டமளிப்பு அங்கி அணிந்த பெண் ஒருத்தி, ஆகாய விமானம் ஒன்று. இவற்றின் நடுவே தம்முடைய புகைப்படம். இதனை விஷன் போர்டு என்று அவர்கள் அழைக்கின்றனர். நாம் லட்சியப் பலகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதைக் கண்ட பெரியவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். படத்தை ஒட்டினால் பணம் வந்துவிடுமா என்று சிலர் கேலி செய்கின்றனர். பிள்ளைகள் ஏதோ நல்லதை நினைக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேறு சிலர் விட்டுவிடுகின்றனர். நமது அபிப்பிராயம் இவ்விரண்டிலும் சேராது. பலகை மாட்டுவது நல்ல பழக்கமே. ஆனால், அதில் ஒட்டப்படுகிற படம் தவறான படம். சரியான படம் எது என்பது நம் நெசவாளர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தெரிந்ததைத் தறிமேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டிற்குள் வருவதுதான் குறை.

இப்பழக்கம் உலகெங்கும் பரவியதற்கு 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி சீக்ரெட்' என்ற படமும், அதே பெயரில் ஆஸ்திரேலியரான ரோண்டா பைர்ன் எழுதிய நூலும் பெரிய காரணங்கள். அந்நூல் தமிழிலும் வெளிவந்திருக்கிறது. மனிதன் எதை இடைவிடாது மனத்தில் நிறுத்துகிறானோ அதனைப் பிரபஞ்சம் அவனிடம் இழுத்து வந்து சேர்க்கும் என்பது அதன் கொள்கை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் மறுபுறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நினைத்தவனுக்கு வந்து சேரும் என்றால், வந்து சேராதவன் சரியாக நினைக்கவில்லை என்றுதானே பொருள்? விடியற்காலை நான்கு மணிக்குத் தறிக்குழியில் கால் வைத்து, விளக்கு வைத்த பிறகும் நாடா தள்ளுகிற ஒருவரிடம் போய், உமது வறுமைக்குக் காரணம் உமது எண்ணத்தின் குறைபாடே என்று சொல்லுவது எவ்வளவு பெரிய அநியாயம்! இந்த நஞ்சை நம் பிள்ளைகள் படத்தோடு சேர்த்து வீட்டிற்குள் கொண்டுவரக் கூடாது. பெற்றோரைக் குறைவாக மதிக்கக் கற்றுக் கொடுக்கிற எந்த வித்தையும் நமக்கு வேண்டியதில்லை.

இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் ஒரு கதையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1953-இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மாணவர்களுள் நூற்றுக்கு மூவர் மட்டும் தம் லட்சியங்களை எழுதி வைத்திருந்தனர் என்றும், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது அம்மூவருடைய செல்வம் மற்றத் தொண்ணூற்றேழு பேருடைய செல்வத்தைவிட அதிகமாக இருந்தது என்றும் மேடைதோறும் சொல்லுகிறார்கள். அப்படி ஓர் ஆராய்ச்சி நடைபெறவேயில்லை என்று அப்பல்கலைக்கழகத்தாரே தெரிவித்துவிட்டனர். நடவாத ஆராய்ச்சிக்கு இத்தனை மாலை மரியாதை!

உண்மையாக நடந்த ஆராய்ச்சி வேறு. 1999-இல் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இரு அறிஞர்கள் கலிபோர்னியாவில் வெளியிட்டது அது. பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போது மாணவர்களுள் ஒரு பிரிவினரை, உயர்ந்த மதிப்பெண் பெற்று மகிழ்ந்து நிற்பதாக நாள்தோறும் சில நிமிடங்கள் கற்பனை செய்யச் சொன்னார்கள். மற்றொரு பிரிவினரை, எந்த நேரத்தில் எந்த இடத்தில் அமர்ந்து எந்தப் பாடத்தைப் படிக்கப் போகிறோம் என்பதைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் அதிக நேரம் படித்தார்கள்; அதிக மதிப்பெண்ணும் பெற்றார்கள். மதிப்பெண்ணையே கற்பனை செய்தவர்கள் படித்த நேரம் குறைந்தது. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியல் அறிஞரும் நெடுங்காலமாக இதே விஷயத்தை ஆராய்ந்தவர். விரும்பியது கிடைத்துவிட்டதாக எண்ணி எண்ணி இன்புறுகிறவர்களுடைய உடலின் ஊக்கமே தளர்ந்துவிடுகிறது என்று 2011-இல் அவரும் அவருடைய சகாவும் இரத்த அழுத்தத்தை அளந்து காட்டினார்கள். ஆசைக்குப் பக்கத்திலேயே அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் வைத்துப் பார்ப்பவர்தாம் காரியத்தில் இறங்குகிறார் என்பது அவருடைய முடிபு.

நெசவாளர்களுக்கு இது புதிதல்ல என்றோம். ஒரு பட்டுச் சேலைக்குப் புதிய முந்தி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அன்னமும் கொடியுமாக நெய்து முடித்த சேலையின் வண்ணப்படத்தைத் தறிக்கு எதிரே மாட்டிவிட்டு எவரேனும் நெய்யத் தொடங்குவாரா? வரைவாளர் முதலில் கிராப் தாளை எடுக்கிறார். அன்னத்தைச் சிறு சிறு கட்டங்களாக உடைக்கிறார். ஒரு கட்டத்தில் வண்ணம் இட்டால் அவ்விடத்தில் பாவிழை மேலே தூக்கப்படும். வெறுமையாக விட்டால் கீழே தங்கும். குறுக்கே ஒரு வரிசைக் கட்டங்களுக்கு ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டை. ஓர் அட்டைக்கு ஒரு மிதி. ஒரு மிதிக்கு ஓர் ஊடை இழை. அந்தத் தாளைப் பார்த்தால் அன்னம் அழகாகவே தெரியாது. படிக்கட்டு படிக்கட்டாக, மூக்கும் சிறகும் முறிந்தாற்போலத்தான் தெரியும். ஆயினும் அந்த அழகில்லாத தாளிலிருந்துதான் அழகிய சேலை பிறக்கிறது. நெய்து முடித்த சேலையின் படத்தைப் பார்த்து எவரும் ஓர் இழைகூடப் போட முடியாது. அந்தப் படம் கடைக்காரருக்கு உரியது. நெய்கிறவருக்கு உரியது கட்டத்தாள்.

நம் பிள்ளைகள் சுவரில் மாட்டியிருக்கும் அட்டைகளெல்லாம் கடைக்காரரின் படங்கள். சிவப்புக் கார் எவ்வளவு காலம் அங்கே நின்றாலும், இன்று மாலை என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லப்போவதில்லை. வேறொன்றைச் சொல்லக்கூடும். தவணைக்குக் கொடுக்கிற தனியார் ஒருவர் வாசலுக்கு வரும்போது, சுவரிலிருக்கும் படம் அவருக்குத் துணைபோகும்! படத்தை நாள்தோறும் பார்த்துப் பார்த்து ஏங்கிய மனம் வட்டியைக் கணக்கிடாது கையெழுத்துப் போடும். இந்த அபாயத்தை நாம் மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டாம்.

கட்டம் கட்டமாகப் பிரிப்பது தறிக்கு மட்டும் உரிய முறையும் அன்று. சீயமங்கலத்தில் நம் கண்ணெதிரே நிற்கிறது குடைவரைக் கோயில். ஸ்தம்பேஸ்வரர், தூணாண்டார் என்றெல்லாம் நாம் வணங்கும் பெருமானின் இக்கோயிலை ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்தவன் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன். லளிதாங்குரன் என்ற தன் பட்டப் பெயரால் அவன் இங்கே கல்வெட்டுப் பொறித்து, அவனிபாஜன பல்லவேசுவரம் என்று இதற்குப் பெயரிட்டிருக்கிறான். செஞ்சிக்குத் தெற்கே, விழுப்புரம் போகும் வழியிலுள்ள மண்டகப்பட்டிலும் அவன் ஒரு குடைவரை எடுத்தான். அங்குள்ள கல்வெட்டு மிகவும் சிந்தனைக்குரியது. செங்கல் இல்லாமலும், மரம் இல்லாமலும், உலோகம் இல்லாமலும், சுண்ணாம்பு இல்லாமலும் மும்மூர்த்திகளுக்கு இவ்வாலயத்தை அமைத்ததாக அவன் அதில் கூறுகிறான். லக்ஷிதாயதனம் என்பது அவ்வாலயத்தின் பெயர். நாம் வழங்கும் லட்சியம் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான்.

ஒரு மன்னன் தன் எண்ணத்தைக் கல்லில் எழுதும்போது எதைப் பெற்றேன் என்று மட்டும் எழுதவில்லை. எவற்றை விட்டேன் என்பதையும் எண்ணி எழுதியிருக்கிறான். நம் லட்சியப் பலகைகளில் இந்த இரண்டாவது பட்டியல் எங்கே? மாடி வீடு வேண்டும் என்று ஒட்டுகிறவர் எதை விடப் போகிறார் என்பதையும் அல்லவா ஒட்ட வேண்டும்!

கல்லைக் குடைந்த முறையும் கவனிக்கத்தக்கது. முடிந்துபோன கோயிலில் அது தெரியாது. மாமல்லபுரத்தில் பாதியிலேயே நின்றுபோன குடைவரைகள் சில உள்ளன. அவற்றில் பாறையின் முகத்தைச் சிறு சிறு சதுரங்களாகக் கோடு கிழித்து, கோட்டின் வழியே உளியால் பள்ளம் வெட்டி, நடுவே நிற்கும் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். சீயமங்கலத்துத் தூணில் ஆடுகிற சிவபெருமானைச் செதுக்கிய தச்சர்கள் அவ்வுருவத்தை மனத்தில் கண்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றன்று கையில் எடுத்தது அன்றைய கட்டியைத்தான்.

இனி, வீட்டில் இப்பலகையை எவ்வாறு செய்வது என்பதைப் பார்ப்போம். இதில் நமக்கு வழிகாட்டக் கூடியவர்கள் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். உகாண்டா நாட்டின் மேற்கே, ருவென்சோரி மலையடிவாரத்துக் கசேசே பகுதியில் காப்பி பயிரிடுவோருக்குப் புகோன்சோ ஜாயின்ட் என்று ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் உண்டு. லிண்டா மேயோ என்ற பெண்மணியின் துணையோடு அங்கத்தினர்கள் அங்கே ஒரு படமுறையைக் கையாண்டு பயன் கண்டனர். எழுத்தறியாதவரும் செய்யத்தக்க முறை அது. தாளின் மேல் வலது மூலையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் தாம் விரும்பும் நிலையைத் தம் கையாலேயே வரைகிறார்கள். பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டுவதில்லை. கீழ் இடது மூலையில் மற்றொரு வட்டம். அதில் இன்றைய நிலை உள்ளது உள்ளபடி. இரண்டையும் இணைத்து ஒரு பாதை. பாதையின் மேற்புறம் நமக்குத் துணையாகக் கூடியவை, கீழ்ப்புறம் தடைகள். பாதையின் நடுவே மைல்கற்கள். முதல் மைல்கல் மிக அருகில். அதை எட்டியதும் அடுத்தது.

இடது மூலையிலுள்ள வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதுதான் வரைவதற்குக் கடினமானது. நம் வீடுகளில் வேண்டியதைச் சொல்லச் சொன்னால் சிறு குழந்தைகூடச் சொல்லும். இருப்பதைச் சொல்லச் சொன்னால் குடும்பத் தலைவரே தயங்குவார். சங்கத்தில் வாங்கிய கடன் எவ்வளவு, நகையின்மேல் எவ்வளவு, உறவினரிடம் கைமாற்று எவ்வளவு, வீட்டம்மாள் குழுவில் வாங்கியது எவ்வளவு என்பவை நான்கு பேருக்கு நான்கு விதமாகத் தெரிந்திருக்கும். ஒருவருக்கும் முழுமையாகத் தெரிந்திராது. அந்த வட்டத்தை நேர்மையாக நிரப்பினாலே பலகையின் பாதிப் பயன் கிடைத்துவிடுகிறது. விருந்தினர் கண்ணில் படும் கூடத்தில் மாட்ட வேண்டியதில்லை. சமையலறைக் கதவின் பின்புறம் போதும்.

கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். தறி நிற்கும் கொட்டகைக்கு மேற்கூரை மாற்ற வேண்டும். செலவு 72,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நான்கு சேலை இறங்குகிற வீடு அது. சேலை ஒன்றுக்கு 500 ரூபாய் எடுத்து வைத்தால் மாதம் 2,000. கூரை மாற 36 மாதங்கள். மூன்று மழைக்காலத்தைப் பழைய கூரையின்கீழ் தாங்க முடியாது, 24 மாதங்களில் முடிய வேண்டும் என்றால் மாதம் 3,000 வேண்டும். அதாவது சேலைக்கு 750. இந்த 250 ரூபாய் எங்கிருந்து வரும் என்பதுதான் உண்மையான கேள்வி. புதிய கூரையின் படம் இக்கேள்வியைக் கேட்காது. ஆகவே பலகையில் 96 கட்டங்கள் போடுங்கள். சேலை ஒன்று சங்கத்தில் ஏறியதும் ஒரு கட்டத்தில் மஞ்சள் பூசுங்கள். கிராப் தாளில் கட்டம் நிரப்பிப் பழகிய கைக்கு இது கடினமா?

கூலியிலிருந்தே கட்டம் கட்டமாகச் சேர்க்கும் ஏற்பாடு நமக்கு முன்பே உண்டு என்பதையும் நினைவூட்டுகிறோம். கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் 1975-இல் தொடங்கப்பட்டது. நெசவாளர் பெறும் கூலியில் ரூபாய்க்கு 8 காசு அவர் பங்கு. 4 காசு அரசாங்கத்தின் பங்கு. எட்டுக் காசு என்று ஏளனமாக எண்ணியவர்களுக்குப் பிள்ளையின் கல்யாணத்தின்போது அதன் அருமை தெரிந்திருக்கும்.

விவசாய அங்கத்தினர்களுக்குக் கட்டங்கள் வேறுவிதமாக அமையும். அவர்களுடைய கூலி வாரந்தோறும் வருவதன்று. ஆடியில் விதைத்த மணிலாவுக்குப் பலகையில் பணத்தைவிட நாட்களே முக்கியம். விதை நேர்த்தி ஒரு கட்டம். களை ஒரு கட்டம். நாற்பதாவது நாளையொட்டி ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது ஒரு கட்டம். கடன் தவணை ஒரு கட்டம். மகசூல் மூட்டையின் படத்தை ஒட்டி வைத்து ஜிப்சம் கட்டத்தைத் தவறவிட்டால், மல்லாட்டையைப் பறிக்கும்போது பொக்காகத்தான் இருக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத மூத்த அங்கத்தினர்கள் இதில் பங்குகொள்ள முடியுமா என்று சிலர் ஐயுறலாம். நம் நாட்டிலேயே பிரதான் என்ற தொண்டு நிறுவனம், ஹெல்சி நோப்போனென் என்ற ஆராய்ச்சியாளரின் துணையோடு, கல்லாத பெண்கள் படங்களைக் கொண்டே தம் வாழ்க்கை நிலையைக் குறித்து வைக்கும் பட நாட்குறிப்புகளை நடைமுறைப்படுத்திக் காட்டியிருக்கிறது. கோலத்தில் புள்ளி வைத்து எண்ணத் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் இது எளிது.

அடுத்து, பலகை யாருடையது என்ற கேள்வி. இதனை நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். லட்சியப் பலகை அவரவர் தனித்தனியே செய்துகொள்ள வேண்டியது என்று வெளிநாட்டார் எழுதுகிறார்கள். தனி அறை உள்ள வீடுகளில் அது நடக்கும். நம் வீடுகளில் ஒருவருடைய லட்சியத்திற்கு மற்றவருடைய உழைப்பே மூலதனம். உகாண்டாவின் காப்பி விவசாயிகள் இதற்காகவே இன்னொரு படமும் வரைந்தனர். அது ஒரு மரம். வேர்ப்பகுதியில் கணவன் செய்யும் வேலை ஒருபுறம், மனைவி செய்யும் வேலை ஒருபுறம். கிளைப்பகுதியில் யாருக்காக எவ்வளவு செலவாகிறது என்பது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நிற்காது என்பதைப் படமே காட்டிவிடுகிறது. அதன்பின் கணவனும் மனைவியும் கூடித் திட்டமிடவும், நிலப் பத்திரத்தில் இருவர் பெயரையும் சேர்க்கவும் பல குடும்பங்கள் முன்வந்தன.

இந்த மரத்தை நம் நெசவாளர் வீடு ஒன்றில் வரைந்து பாருங்கள். தார் சுற்றுவது யார்? பாவு நீட்டும்போது மறுமுனையைப் பிடிப்பது யார்? அறுந்த இழையைப் பிணைத்துக் கொடுப்பது யார்? சங்கத்துப் புத்தகத்தில் பெயர் யாருடையது? மேல் வலது மூலை வட்டத்தில் அந்த அம்மாளுடைய விருப்பம் ஒன்றேனும் இருக்கிறதா? பத்தாம் வகுப்பு முடித்த பெண் செவிலியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று தன் அட்டையில் ஒரு படத்தை ஒட்டி வைத்திருப்பாள். அதே சுவரின் மறுபுறம் தந்தையார் அவளுடைய கல்யாணச் செலவுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் பணம் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரே தாளில் இரண்டையும் வரைந்தால் பேசித்தான் ஆக வேண்டும். சச்சரவு வராதா என்றால், வரும். ஐந்து ஆண்டுகள் கழித்து வரவிருக்கும் சச்சரவு இன்றே வருவது நல்லது. இன்று அதற்கு வட்டி இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் ஆட்சேபத்திற்கு விடை கூற வேண்டும். நூல் விலையை நாங்களா நிர்ணயிக்கிறோம், மழையை நாங்களா பெய்விக்கிறோம், கட்டம் போட்டு என்ன பயன் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2025-இல் தங்கமும் வெள்ளியும் விலை ஏறியபோது ஜரிகையும் ஏறிற்று. எந்த வீட்டுப் பலகையும் அதனைத் தடுக்கவில்லை. கைத்தறிக்கென்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்து விற்பதையும் பலகை தடுக்காது. 2024 நவம்பர் கடைசி நாளில் கரை கடந்த ஃபெங்கல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அந்த வெள்ளம் செஞ்சி, திண்டிவனம் பக்கத்து வயல்களிலிருந்து யாருடைய லட்சியத்தையெல்லாம் வாரிச் சென்றது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

எனவேதான் பலகையில் பாதையின் கீழ்ப்புறத்தை வெறுமையாக விடலாகாது என்கிறோம். புயல், வேலையில்லாத மாதம், மருத்துவச் செலவு ஆகிய மூன்றையும் முதலிலேயே அங்கே வரைந்துவிடுங்கள். பன்னிரண்டு மாதக் கட்டத்தில் இரண்டு மாதத்தை வெறுமையாக விட்டுத் திட்டமிடுங்கள். கட்டம் நிரம்பாமல் போனால் அதற்கு எண்ணத்தின் குறைபாடு காரணம் அன்று என்பதைப் பலகையே எடுத்துச் சொல்லும். தனி வீட்டால் தாங்க முடியாதவற்றைத் தாங்குவதற்காகவே சங்கம் ஏற்பட்டது. 1904-இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டில் திரூரில் நம் மாநிலத்தின் முதல் சங்கம் பதிவாயிற்று. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. இவையெல்லாம் தனித்தனியே விரும்பிப் பார்த்துச் சலித்தவர்கள் கூடிப் போட்ட கட்டங்கள்.

பாதையின் மேற்புறத்திற்கும் ஒன்று சொல்லுவோம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியரின் மற்றக் கோட்டைகள் பதினொன்றோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டையைப் பார்க்க வருகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டுமா? துண்டோ, பாயோ, வறுத்த மணிலாவோ அவர் கையில் நம் சங்கத்தின் முத்திரையோடு போகலாம். இது எந்த ஒரு வீட்டுப் பலகையிலும் தனியே அடங்காது. ஆகவே சங்கக் கட்டடத்திலும் ஒரு பலகை வேண்டும். வீடுகளுக்கு உபதேசம் செய்கிற நிர்வாகம் தன் இடது மூலை வட்டத்தை அங்கத்தினர் பார்க்கும்படி வரைய வேண்டும். தேங்கிக் கிடக்கும் சரக்கு எவ்வளவு, வர வேண்டிய தள்ளுபடி மானியம் எவ்வளவு, கூலி எத்தனை நாள் தாமதமாகிறது, போனஸ் எந்த மாதம் என்பவை அதில் இருக்கட்டும். வலது மூலையில் எதை வேண்டுமானாலும் வரையலாம்; மகாசபையில் அதற்குக் கைதட்டல் கிடைக்கும். இடது மூலைக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். அதனால்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டியது அங்கத்தினர்களின் பொறுப்பு ஆகிறது.

பிள்ளைகள் முன்பே ஒட்டி வைத்திருக்கும் அட்டைகளை என்ன செய்வது? கிழிக்க வேண்டாம். அவர்கள் ஆசையைக் கிழித்தால் நம்மிடம் மறுபடி சொல்ல மாட்டார்கள். அதே அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் பாதையை வரையச் சொல்லுங்கள். காரின் படத்தை வைத்துக்கொள்ளட்டும். அதன் கீழே விலை, மாதத் தவணை, தவணை முடியும் ஆண்டு, அந்த ஆண்டில் தம் வயது ஆகிய நான்கையும் அவர்கள் கையாலேயே எழுதட்டும். பலர் அதற்குள்ளாகவே வேறு படம் தேடுவார்கள். சிலர் தேட மாட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து கட்டம் போடத் தந்தையும் தாயும் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

புதிதாகச் செய்கிறவர்கள் இதற்கென்று காசு செலவழிக்க வேண்டியதில்லை. கடையில் வண்ண அட்டை, மின்னும் தாள், ஒட்டுவில்லை எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். பழைய நாட்காட்டியின் பின்பக்கமே போதும். மையால் எழுதாது பென்சிலால் எழுதுங்கள். தொகையும் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும். அமாவாசைக்கு அமாவாசை தறி ஓய்ந்திருக்கும் வேளையில் எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள். ஒட்டுவதற்குப் பசை வேண்டுமென்றால், பாவுக்குப் போட்டது போக மிஞ்சிய கஞ்சி எந்த வீட்டிலும் இருக்கும்.